மேடைக்கு அடியில் வாய்க்கால்

பொறியாளர் அய்யா, எங்கள் நகரத்து நாடக அரங்கத்தை நீங்கள் வாய்க்கால் மேல் கட்டினீர்கள். தெரிந்தே கட்டினீர்கள். அஸ்திவாரம் தோண்டிய அன்று நானே வந்து சொன்னேன்.

மன்னார்குடி சாலையை ஒட்டிய அந்த இடத்தில் முன்பு தகரக் கொட்டகைதான் இருந்தது. இடுப்பு உயர மேடை, சுற்றிலும் திறப்பு. பின்னால் பாசன வாய்க்கால். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அதைத் தூர் வாரியவர்கள். வயல்கள் மனைகளானதும் அதில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். நீங்கள் கொட்டகையை இடித்துவிட்டு, வாய்க்கால் இருந்த இடத்தையும் சேர்த்துப் பெரிய அரங்கமாக எழுப்பினீர்கள். சாய்வான தரை, குளிர்சாதனம், மேடைக்கு அடியில் பள்ளமாக ஒப்பனை அறை. மின்பலகையும் அந்த அறையில்தான்.

"தண்ணி ஊறுமுங்க," என்றேன்.

"எங்கய்யா தண்ணி? காஞ்சு கெடக்கு பாரு," என்றீர்கள். அது சித்திரை மாதம்.

மறு வருடம் கோடையில் திறப்பு விழா. எனக்கு அங்கே விளக்கு போடும் வேலை கிடைத்தது.

ஆடியில் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் குழுவின் நாடகம். ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டதால் என் மனைவிதான் ராஜா. மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "நம்ம ராஜாவெல்லாம் அங்க சித்தாள் வேல பாக்குறாங்க. சித்தாளு நான் இங்க ராஜா. எப்படி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பனை அறையின் தரை ஈரமாக இருந்தது.

இரண்டாம் காட்சியில் மறுபடி கீழே எட்டிப் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர். மேடைக்குப் போகும் ஒயர்கள் அதில் கிடந்தன. மேலே அவள் வெறுங்காலோடு, கையில் மைக்குடன் நிற்கிறாள். பலகையைத் தொட வேண்டுமென்றால் தண்ணீரில் இறங்க வேண்டும். வெளியே ஓடி மீட்டர் பெட்டியிலிருந்த பியூஸைப் பிடுங்கினேன்.

"டேய், கரண்ட்ட போட்றா!" என்று அரங்கமே கத்தியது. உள்ளே ஓடி வந்து, இருட்டில் மேடையைப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

"இங்கதான் இருக்கேன், கத்தாதீங்க. வசனம் மறந்துபோச்சு."

நாடகம் நின்றதற்கு 'விளக்குப் பணியாளரின் கவனக்குறைவு' என்று வாசலில் எழுதி ஒட்டினீர்கள். என் வேலை போனது. நீங்கள் தண்ணீரை இறைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டினீர்கள். மின்பலகை அதே இடத்தில்தான் இருக்கிறது.

இந்த வருடமும் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடியும் நாடகம், மறுபடியும் அவள்தான் ராஜா. போகாதே என்றால் கேட்பதில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எனக்குத் தனியாகப் பதில் கடிதம் எதுவும் வேண்டாம். நாடகம் தொடங்கும் முன் அந்த மேடையில் ஏறி, ஊரே கேட்கச் சொல்லுங்கள்: நீங்கள் அரங்கம் கட்டி அடைத்த வாய்க்காலின் தண்ணீர் எங்கே போகிறது?