சாவியைத் தொடாதீங்க

பருத்திப்பட்டில் மழைநீர் புகுந்தால், கார் வைத்திருப்பவர்கள் முதலில் பிரசன்னாவுக்குத்தான் போன் போடுவார்கள். அவன் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவனும் முதலில் கார் வாங்கியவனும் அவன்தான். காரோடு வந்த கையேட்டை முழுதாகப் படித்தவன். "தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்ஜின் போயிடும், இன்ஷூரன்ஸும் வராது" என்று இந்த மழையிலும் எல்லோருக்கும் சொன்னான். சொன்ன கையோடு கீழே இறங்கி, பாதிக் கதவு வரை தண்ணீரில் நின்ற தன் காரில் சாவியைத் திருகினான். உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். கார் ஒருமுறை கடகடத்து அடங்கிவிட்டது.

"எவன் பாத்தான்? ஸ்டார்ட்டே பண்ணலன்னு சொல்லிடு நைனா" என்றார் பக்கத்து வீட்டு தேவராஜ். அவன் பேச்சைக் கேட்டதால் அவர் கார் பிழைத்திருந்தது. "ஊருக்கே வாத்தியாரு நீ. உன் வண்டி மட்டும் இப்டி கீது."

நான்காம் நாள் சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். "தண்ணில ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ஒரு தடவை பண்ணேன் சார்."

தேவராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். சர்வேயர் அதை எழுதிக்கொண்டு போனார். சொன்னது நேர்மையா, அசதியா என்று பிரசன்னாவுக்கே தெரியவில்லை. வருத்தம்கூட வரவில்லை.

போன் அடித்தது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து யாரோ. "அண்ணா, தண்ணி வடிஞ்சிடுச்சு. ஸ்டார்ட் பண்ணலாமா?"

"மெக்கானிக் வர்ற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க" என்றான்.