ஒரு நேரத்தில் ஒருத்திதான்

சுவிட்சில் கை வைத்த ரோஸி மேரி, அதைப் போடாமல் திரும்பிப் பார்க்கிறார். "அமுதம், நீ வெளிய போயி உக்காரு." மிளகாய் மெஷின் அருகே நின்றிருந்த அமுதம் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் உட்காருகிறார். அதற்கப்புறம்தான் மோட்டார் ஓடும், என் கோதுமை இறங்கும். இரண்டாவது மெஷின் சாக்குப் போர்த்திக்கொண்டு சும்மா நிற்கும். எனக்குப் பின்னால் நாலு பேர் டப்பாவோடு வரிசையில். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் வாய் வலித்துப்போயிற்று.

ஒதியம்பட்டில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைதான் அந்த மாவு மில். ரோஸி மேரிக்கு ஐம்பத்தெட்டு வயது. புருவம் நரைத்ததா, மாவு படிந்ததா என்று அவர் முகம் கழுவினால்தான் தெரியும். முப்பது வருஷமாக மோட்டாருக்கு மேலே பேசிப் பழகிய குரல். மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே மறந்துவிட்டது. ஃபாதர் காதில் மட்டும் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை அவர் செய்தால் மூன்றாவது பெஞ்சு வரை கேட்கும் என்று பங்குக் கோயிலில் ஒரு பேச்சு உண்டு.

பொழுது சாய்வதற்குள் அன்று வந்த அரவை முழுவதும் முடிந்து, டப்பாக்கள் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். வாங்க ஆள் வராவிட்டால் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். "அவுரு வர்ற நேரத்துல ஊரான் மாவு என் கையில இருக்கக் கூடாது டீச்சர்" என்பார். அவுரு என்றால் இயேசு. பெயர் சொல்லி அழைப்பது கோயிலில் மட்டும். மில்லில் பேசும்போது கேட்டால், துபாய் போன வீட்டுக்காரர் லீவில் வருகிறார், விமானம் ஏறிவிட்டார் என்பது போல இருக்கும்.

சொந்த வீட்டுக்காரர் மரியதாஸ், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். முந்தின நாள் குழம்பில் உப்பு கம்மி என்று இருவருக்கும் சண்டை. பேசாமல் படுத்தார்கள், பேசாமலே பிரிந்தார்கள். அன்றிலிருந்து ரோஸி மேரி எந்தச் சண்டையையும் மறுநாளைக்கு வைப்பதில்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டுப் பச்சையப்பன். அவருடைய ஆடுகள் மில்லுக்குள் புகுந்து மாவை நக்கும். காலையில் ரோஸி மேரி அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார். சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்பார். "காலைல பேசினது தப்பு. மன்னிச்சிடு. ஆட்டக் கட்டு." பச்சையப்பன் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்: "திட்டறதக் கூட வாங்கிக்கலாம் டீச்சர். மன்னிப்பு கேக்க வந்தாதான் தாங்க முடியல. மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்ற வரைக்கும் எடத்த வுட்டு நவுறாது அந்தம்மா."

ஒரு தடவை யாரோ சிலர் துண்டுச்சீட்டோடு வந்து, ஆண்டவர் வரும் தேதி இதுதான் என்று காட்டினார்கள். ரோஸி மேரி அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தேதி தெரிஞ்சா அதுக்கு மொத நாளு தான வூட்டப் பெருக்குவ? போ, தெனம் பெருக்கு." நாளைக்கே வருகிறவருக்காக வருஷத்துப் புளி எதற்கு வாங்கி வைக்கிறீர்கள் என்று நான் சீண்டினால், "அவுரு வர்ற வரைக்கும் ரசம் வாணாமா?" என்பார்.

இவ்வளவு தயாராக இருக்கும் ஒருவர் பாதி மில்லைச் சும்மா போட்டு வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அமுதம் பண்டசோழநல்லூரில் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர், வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். பத்தொன்பது வருஷமாக ரோஸி மேரியோடு வேலை. மாவை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தே, இது இடியாப்பத்துக்கு ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுவார். முன்பெல்லாம் இருவரும் ஆளுக்கொரு மெஷினில் நின்று, கூட்டத்தை ஊதித் தள்ளிவிடுவார்கள். திடீரென்று மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில்தான், ஒரு நேரத்தில் ஒருத்திதான் அரைக்க வேண்டும் என்கிற சட்டம் வந்தது.

காரணம் இந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் எனக்குத் தெரிந்தது. ஓடுகிற மோட்டாரின் சத்தத்தில், வெளியே ஸ்டூலில் இருந்த அமுதத்துக்குக் கேட்காதபடி, ரோஸி மேரி என் காதில் கத்திச் சொன்னார். அந்தக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் படிக்கும் பைபிள் வாசகம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். போன சுற்றில் அதில் மாவு அரைக்கும் பெண்கள் வந்ததும் ரோஸி மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாராம். மீன் பிடிக்கிறவர், ஆடு மேய்க்கிறவர் எல்லாம் வருகிறார்களே, நம் தொழிலும் வந்துவிட்டதே என்று ஒரே சந்தோஷம். அடுத்த வரியில் சந்தோஷம் போயிற்று. இரண்டு பேர் அரைத்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டவர் வந்து ஒருத்தியை அழைத்துக்கொள்வார், மற்றவளை விட்டுவிடுவார். அதற்கு முன்னும் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். மனசில் விழுந்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு பேரு அரைக்கும்போது தான அப்படி? ஒருத்திதான் அரைக்கிறான்னா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆண்டவருக்கே சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

"ஃபாதரும் இப்படித்தான் சிரிச்சாரு. முழிப்பா இருன்னு சொல்றதும்மா அது, மில்லப் பத்தி இல்லன்னாரு. அவருக்கு இன்னா, மில்லா கீது?"

அமுதத்தை உங்கள் கோயிலுக்குக் கூப்பிட்டுவிட்டால் கவலை தீர்ந்ததே என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஆடிக்கு மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தி, மொதோ சொம்பு எனக்குத்தான் கொணாந்து குடுக்கறா. அவள இன்னான்னு கேக்கறது? அவ மனசு அவருக்குத் தெரியாதா, தெரியும். ஆனா எழுத்துல அப்படிக் கீதே டீச்சர். என்னக் கூட்டிக்கினு அவள வுட்டுட்டாருன்னா, நான் அங்க போயி யாரு கூடப் பேசறது? அவளக் கூட்டிக்கினு என்ன வுட்டாலும் வுடுவாரு. செத்துப் போனவரு கிட்ட ஒரு வார்த்த பேசாதவ தான நானு." சொல்லும்போது மெஷினின் வாயில் கோதுமையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

மறுவாரம் அரிசி டப்பாவோடு போனேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அமுதம் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். "கிறிஸ்துமஸ் அரவை முடிஞ்சதும் நான் நின்னுக்கறேன் டீச்சர். கிருமாம்பாக்கத்தாண்ட ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சமையல் வேல சொல்லி வச்சிகீறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

ஏன் என்று கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் அமுதம் ஒரு தப்பு செய்திருக்கிறார். மிளகாய் அரைத்த மெஷினைத் துடைக்காமல், அதிலேயே ஜெயசுதா வீட்டுக் குழந்தைக்கான கேழ்வரகைப் போட்டுவிட்டார். கஞ்சி குடித்த குழந்தை ஒரு நாள் முழுக்கக் கதறியது. அடுத்த வாரமே ரோஸி மேரி, நான் அரைக்கும்போது நீ மெஷின் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். "அவங்க கண்ணு முன்னால நான் மெஷினத் தொடக் கூடாதாம். நம்பிக்க போச்சு. வெளிய சொல்லத் தெரியல அக்காவுக்கு, அதான் ஸ்டூல போட்டு உக்கார வச்சிட்டாங்க. எத்தினி நாளு உக்காருவேன்?"

இவர் போய்விடக் கூடாதே என்று அவர் போட்ட சட்டம் இவரைக் கிருமாம்பாக்கத்துக்குத் துரத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு நடுவில் அரிசி டப்பாவோடு நான். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. விறுவிறுவென்று உள்ளே போய் மோட்டார் சுவிட்சை அணைத்தேன். அடுத்தவர் மில்லில் கை வைத்தது என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

"அமுதம் வேலைய விட்டு நின்னுக்கப் போறாங்க. ஏன்னு நீங்களே கேளுங்க" என்றேன்.

ரோஸி மேரி என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அமுதம் எழுந்து நின்றார்.

"அந்தக் கேவுறுக்குத் தான யக்கா என்ன வெளிய போட்ட?"

"எந்தக் கேவுறு?"

"ஜெயசுதா வூட்டுக் கேவுறு."

"அத்த அன்னிக்கே மறந்துட்டேனேடி." அதற்குமேல் மறைக்க ரோஸி மேரிக்குத் தெரியவில்லை. வாசகம், இரண்டு பெண்கள், ஒருத்தி போவது, ஒருத்தி நிற்பது எல்லாவற்றையும் மோட்டார் ஓடாத அறையில் மோட்டார்க் குரலிலேயே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில், "நீ இல்லாத எடத்துக்குப் போயி நான் இன்னாடி பண்ணுவேன்?" என்றார்.

அமுதம் உள்ளே வந்து, மிளகாய் மெஷின் மேல் கிடந்த சாக்கை இழுத்து உதறினார். எல்லோரும் தும்மினோம்.

"உங்க சாமி வந்து வுட்டுட்டுப் போறது அப்பறம் இருக்கட்டும். மூணு வருஷமா நீ தான் என்ன வுட்டுட்டுக் கீற. அந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்தா தெரியும்."

ரோஸி மேரி மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சிடுடி" என்றார். பச்சையப்பனிடம் கேட்கும் அதிகாரமெல்லாம் அதில் இல்லை. பதிலுக்குக் காத்து நிற்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். அமுதம் அடுத்த சுவிட்சைப் போட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு மோட்டாரும் சேர்ந்து இரைந்தன.

அந்த வாரம் முழுக்க இரண்டு மெஷினும் ஓடின. கூட்டம் சீக்கிரம் கலைந்தது. ஹாஸ்டலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக அமுதம் சொன்னார். ரோஸி மேரி மட்டும் அரைத்துக்கொண்டே நடுநடுவே பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை நடு மத்தியானம் நான் முறுக்கு மாவுக்கு நின்றிருந்தேன். தெருக்கோடியில் படார் என்று காது அடைக்கிற ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருந்தது. விளக்கு போயிற்று. இரண்டு மோட்டாரும் முனகி நின்றன, ஷீட் மேல் இருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வரிசையில் நின்றவர்கள் தெருவுக்கு ஓடினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். ரோஸி மேரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். வலது கை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தது. இடது கை, மிளகாய்த்தூள் படிந்த அமுதத்தின் மணிக்கட்டை வளையலோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

"கரண்டுதான் யக்கா போச்சு" என்றார் அமுதம். "வளையலு அழுத்துது, கைய வுடு."

ரோஸி மேரி ஒரு கண்ணை மட்டும் திறந்து கூரையைப் பார்த்தார். பிடியை இன்னும் இறுக்கினார்.