கூரையைப் பார்த்த சவுண்ட்பார்

ஒரு வீட்டில் ஓடும் டி.வி.யின் வசனம், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காமல், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்க முயல்பவருக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்க முடியுமா?

முடியும். தென்காசியில், எங்கள் வீட்டிலேயே அது பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் சென்ற மாதம் வரை தெரியாது.

பக்கத்து வீட்டு நஸீமா ஒரு மாலை எங்கள் வாசலில் வந்து நின்றாள். செங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டியூட்டி. காலையில் பஸ் பிடித்து வீடு திரும்புவாள். பகலில் தூங்கி மாலையில் எழுவாள். எழுந்து முகம் கழுவியதும் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்து, என் மாமியாருக்கு — நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன் — பிரஷர் பார்ப்பாள், ஒரு டம்ளர் காப்பி குடிப்பாள், கொஞ்ச நேரம் பேசுவாள்.

அன்று அவள் உட்காரவில்லை.

“பெரிம்மா, ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு வீடு பாத்துருக்கேன். அடுத்த மாசம் மாறிரலாம்னு இருக்கேன்.”

அத்தை மடியில் இருந்த பீடித்தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “ஏட்டி, என்ன சொல்லுத? இங்கன உனக்கு என்ன கொறச்ச?”

“கொற ஒண்ணும் இல்ல பெரிம்மா. அலைய முடியல.”

“நீ போயிட்டா எனக்கு யாரு கத சொல்லுவா?”

என்ன கதை என்று நான் கேட்டேன்.

“மத்தியானத்து நாடகந்தான். புருசன் என்ன சொன்னான், மாமியாக்காரி என்ன சொன்னான்னு இவதான் சாய்ந்தரம் வந்து சொல்லுவா. எனக்கு எங்க சரியாக் கேக்கு?”

இங்கேதான் எனக்கு இடித்தது. நாடகம் ஓடுவது எங்கள் வீட்டில். அதன் எதிரே உட்கார்ந்திருப்பது அத்தை. நஸீமா வீட்டில் டி.வி.யே கிடையாது. அந்த நேரத்தில் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவள்.

“ஒனக்கு எப்படி நஸீமா தெரியும்?”

அவள் நிலைப்படியைப் பார்த்தாள். “படுத்துக்கிட்டே கேக்கதுதான் அக்கா. கேக்காம இருக்க முடியாதுல்லா.”

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

“முந்தாநேத்து வரும்போது பஸ்லயே தூங்கிட்டேன். கண்ண முழிச்சா, தென்காசியத் தாண்டி பாவூர்சத்திரம் மார்க்கெட்டு. எறங்கி நிக்கேன், என்னச் சுத்தி கத்தரிக்கா மூட்டை. லோடு எறக்குத அண்ணாச்சி ஒருத்தரு, ‘எந்தக் கடைக்கும்மா காய் கொண்டாந்துருக்க’ன்னு கேக்காரு. யூனிபார்ம்ல நிக்கேன் அக்கா நான்.”

அத்தை சிரித்துவிட்டார். நஸீமாவும் சிரித்தாள். ஆனால் அடுத்து அவள் சொன்னது சிரிக்கக்கூடியதாக இல்லை.

“ராத்திரி ஊசி மருந்து எடுக்கையில, பேர ரெண்டு தடவ மூணு தடவ படிக்கேன். கண்ணு அப்படிச் சொருகுது. என்னைக்காவது மாத்தி எடுத்துருவனோன்னு பயமா இருக்கு.”

“மொதல்லயே சொல்லக்கூடாதா மூதி?” என்றார் அத்தை. குரல் இறங்கியிருந்தது.

“துபாய்ல இருக்க தம்பி ஆசையா வாங்கிக் குடுத்த டி.வி. நீங்களும் மத்தியானம் பூரா ஒத்தையில இருந்து பீடி சுத்துதிய. எப்படிப் பெரிம்மா சொல்ல?”

அத்தை எழுந்து போய் டி.வி.யின் சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் உருவினார்.

“சவத்த விடு. இனி அது வேண்டாம்.”

இந்த இடத்தில் எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். எங்களுடையதும் நஸீமாவுடையதும் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இருக்கும் இரண்டு வீடுகள். நடுவில் ஒரு பொதுச்சுவர். அந்தச் சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு முழம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. வெயில் காலத்தில் அந்த இடைவெளி வழியாகத்தான் இரண்டு வீட்டுக்கும் காற்று. அவசரத்துக்குக் குரல் கொடுப்பதும் அதன் வழியேதான்.

பொதுச்சுவருக்கு எதிர்ச்சுவரில் எங்கள் டி.வி. மாட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அடியில் சவுண்ட்பார் என்ற அந்த நீள ஸ்பீக்கர். இரண்டையும் வாங்கிக் கொடுத்து மாட்டியவன் என் கொழுந்தன் முருகேசன். துபாயில் வேலை. சென்ற சீசனுக்கு லீவில் வந்திருந்தபோது, குற்றாலத்தில் மெயினருவியில் எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பிய அன்று, ஈரத் தலையோடு ஸ்டூலில் ஏறினான். டி.வி.யின் உயரத்தை நின்றபடி தன் கண்ணுக்கு நேராக அளந்தான். சவுண்ட்பாரை மாட்டும்போது அதன் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, பின்பக்கம் கீழே செருகி, முகத்தை மேல்நோக்கித் திருப்பினான்.

எதற்கு என்று கேட்டேன்.

“மெயினருவில நிக்கையில தண்ணி எங்கன இருந்து விழுது மதினி? மேல இருந்துதான. சத்தமும் மேல போயிதான் கொட்டணும். அப்பதான் தியேட்டர் மாதிரி இருக்கும்.”

அன்று எங்களுக்கு அது மிகச் சரியாகப் பட்டது. அருவியிலிருந்து வந்த மயக்கம் யாருக்கும் தெளிந்திருக்கவில்லை. தண்ணீர் கீழே விழும். ஒலிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவன் விமானம் ஏறிய பிறகு, யாரும் அதைத் தொடவில்லை. வெளிநாட்டில் இருப்பவர் மாட்டிய பொருளை அவர் அடுத்த லீவுக்கு வரும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம். ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை வீடியோ கால் செய்யும்போதும் அவன் கேட்பான்: “சவுண்டு எப்படிம்மா இருக்கு?” அத்தை சொல்வார்: “நல்லா இருக்குலே.” வேறென்ன சொல்வார்? மகன் கடல் தாண்டிச் சம்பாதித்து வாங்கியது கேட்கவில்லை என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? கேட்காதபோது வால்யூமைக் கூட்டிக்கொண்டார். அது நாற்பது வரை போயிருந்தது.

டி.வி. அணைந்த பிறகு வீட்டில் ஒரு விசித்திரமான அமைதி. அத்தை டி.வி. பார்ப்பவர் அல்ல, கேட்பவர். கண்ணும் கையும் இலையில், தூளில், நூலில் இருக்கும். நாடகத்தின் முகங்களை அவர் அதிகம் பார்த்ததே இல்லை. பகல் முழுக்க அவருக்குத் துணையாக இருந்த மனிதக் குரல்கள் அவை மட்டுமே. நான் வேலை முடிந்து வரும்போது, பாதித் தட்டு அப்படியே கிடக்கும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார்.

ஒருத்தியின் தூக்கமா, இன்னொருவரின் துணையா? இரண்டில் ஒன்றைத் தியாகம் என்று பெயரிட்டுப் பறிப்பது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வழிகளை ஒவ்வொன்றாக யோசித்தேன்.

ஹெட்போன்? “காதுல அத மாட்டிக்கிட்டா குக்கர் விசில் யாருக்குட்டி கேக்கும்? சிலிண்டர்காரன் கூப்பிட்டா யாரு போவா?” நியாயம்.

சுவருக்கு மேலே பிளைவுட் அடிப்பது? இரண்டு வீட்டுக்கும் காற்று நின்றுவிடும். போன மழைக்காலத்தில் அத்தைக்குத் தலைசுற்றி விழுந்தபோது, அவர் முனகியது அந்த இடைவெளி வழியாகத்தான் நஸீமாவுக்குக் கேட்டது. அதை எப்படி அடைப்பது?

சவுண்ட்பாரைக் கழற்றி வைத்துவிட்டால்? “தம்பி கோவிச்சுக்குவான். லீவுக்கு வரட்டும்” என்றார் என் கணவர். அதற்குள் நஸீமா வீடு மாறியிருப்பாள்.

விடை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது. நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்ததால், தட்டை எடுத்துக்கொண்டு அத்தை வழக்கமாக உட்காரும் இடத்தில், தரையில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சவுண்ட்பாரின் முகமே தெரியவில்லை. வலையும் இல்லை, எழுத்தும் இல்லை. கறுப்பான அடிப்பாகம் மட்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த இத்தனை மாதங்களில் இது என் கண்ணில் படவே இல்லை.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, பொதுச்சுவரின் ஓரமாக ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றேன். அங்கிருந்து பார்த்தால், சவுண்ட்பார் முழு முகத்தோடு என்னை நேராகப் பார்த்தது. என் தலைக்குப் பின்னால் அந்த ஒரு முழ இடைவெளி. அதற்குக் கீழே நஸீமாவின் கட்டில்.

அதாவது, அத்தைக்காக வாங்கிய அந்தக் கருவி இத்தனை நாளும் அத்தையின் தலைக்கு மேலாக நஸீமாவின் கட்டிலுக்கு வசனம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தை வால்யூமைக் கூட்டக் கூட்ட, நஸீமாவுக்குத்தான் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

மறுநாள் எனக்கு விடுமுறை. நஸீமா காலையில் வந்ததும் திட்டத்தைச் சொன்னேன். மத்தியானம் நாடகம் தொடங்கும் நேரத்தில் அவள் தன் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். அத்தை தன் இடத்தில். நான் ஸ்டூல் மேல். சத்தம் வருகிறதா என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிளக்கைத் திரும்பச் செருகி டி.வி.யைப் போட்டுவிட்டு, முருகேசன் செருகிய அட்டையை முதலில் உருவினேன். முகம் நேரானது. “இப்பம் கொஞ்சம் பரவால்ல” என்றார் அத்தை. சுவருக்கு மேலிருந்து நஸீமாவின் குரல் வந்தது: “இங்கன இன்னும் கேக்கு அக்கா. மாமியாக்காரி நகைய ஒளிச்சு வச்சுட்டா.”

அப்படியென்றால் முகம் இன்னும் கீழே குனிய வேண்டும். பின்பக்கம், மேலே, எதையாவது கொடுத்துத் தள்ள வேண்டும். பழைய ரப்பர் செருப்பு ஒன்று பின்வாசலில் கிடந்தது. அதை வெட்டிக் கொடுக்கலாம் என்றேன்.

“செருப்பச் செவத்துல ஏத்தி வச்சுட்டு, அதுக்குக் கீழ இருந்து நான் நாடகம் கேக்கணுமா? நல்லா இருக்குட்டி ஒன் படிப்பு.”

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

அத்தையே எழுந்து அடுக்களைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய குக்கர் கேஸ்கட்டைக் கொண்டுவந்தார். தேய்ந்து போனது, என்றாவது உதவும் என்று வைத்திருந்தது. துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நூலால் கட்டினேன். பீடி நூல்தான். சவுண்ட்பாரின் பின்பக்கம், மேலே, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கட்டாகச் செருகி, ஸ்குரூவை இறுக்கினேன். சவுண்ட்பார் தலை குனிந்தது. அதிர்வையும் அந்த ரப்பர் வாங்கிக்கொண்டது.

“அத்தை, இப்பம்?”

பீடித்தட்டு அத்தையின் மடியில் இருந்தது. கை நின்றிருந்தது. தலையைச் சற்றுச் சாய்த்து, அந்த நாடகத்தை முதல்முறையாகக் கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிமோட்டை எடுத்து, பிளாஸ்டிக் உறையோடு அழுத்தினார். முப்பது. இருபது. அதற்கும் கீழே. பதினாலில் நிறுத்தினார்.

“ஒவ்வொரு வார்த்தையும் கேக்குட்டி,” என்றார். “இந்தப் புள்ள பாவம், இவளுக்கு இம்புட்டு மெல்லிசாவா கொரலு?” கதாநாயகியைச் சொல்கிறார். இத்தனை மாதமும் அவள் கத்துகிறாள் என்றே நினைத்திருக்கிறார்.

“நஸீமா, அங்கன எப்படி இருக்கு?”

பதில் இல்லை.

“நஸீமா?”

மீண்டும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பொதுச்சுவரின் மேல்விளிம்பில் காதை வைத்தேன். மெலிதாக, சீராக, குறட்டை வந்தது.

அத்தை உதட்டின் மேல் விரலை வைத்தார். நான் ஸ்டூலை விட்டுச் சத்தமில்லாமல் இறங்கினேன். தேர்வுகளில் நான் ஜெயித்திருக்கிறேன். ஒன்றிரண்டு மேடைகளில் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்தக் குறட்டைக்கு ஈடாகாது.

நம் ஊர்க் கூட்டங்களில் ஒரு காட்சி உண்டு. பின்வரிசையில் யாராவது “கேக்கல” என்பார்கள். உடனே மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டுவார். முன்வரிசைக்குக் காது வலிக்கும். பின்வரிசைக்கு அப்போதும் கேட்காது. ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யாராவது எழுந்து போய்ப் பார்த்திருக்கிறோமா? ஒரு திட்டம் மக்களைச் சென்று சேரவில்லை என்றால், இன்னும் உரக்க அறிவிக்கிறோம். பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், இன்னும் உரக்கத் திட்டுகிறோம். கேட்க வேண்டியவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருமுறை நாமும் உட்கார்ந்து பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை... அன்று நாற்காலி காலியாக இருந்திருந்தால் எனக்கும் அது தோன்றியிருக்காது.

அன்று மாலை முருகேசன் வீடியோ காலில் வந்தான். அவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

“என்ன மதினி, சவுண்ட்பாரு தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கு? யாரு கை வச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனை வாங்கிக்கொண்டார்.

“ஏலே, நீ அத எனக்கு வாங்கிக் குடுத்தியா, கூரைக்கு வாங்கிக் குடுத்தியா?”

அவன் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தான். “அப்போ இத்தன நாளு ஒனக்குக் கேக்கவே இல்லையாம்மா?”

“இப்பம் கேக்குலே,” என்றார் அத்தை. “நல்லாக் கேக்கு.”

இந்த முறை அதை அவர் சொன்ன விதம் வேறாக இருந்தது. அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். “சரிம்மா, லீவுக்கு வந்து நானே நல்ல கிளாம்ப் போட்டு மாட்டுதேன்” என்றான்.

“நீ வா. அத மட்டும் தொடாத.”

நஸீமா வீடு மாறவில்லை. செங்கோட்டையில் பார்த்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காலை பஸ்ஸில் தென்காசி வந்ததும் விழிப்பாக இறங்குகிறாள். வால்யூம் பதினாலிலேயே நிற்கிறது.

மாலையில் முகம் கழுவிவிட்டு வந்து, காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும், “பெரிம்மா, இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று இப்போது அவள்தான் கதை கேட்கிறாள்.