வெங்காய மூட்டையில் வந்த மாப்பிள்ளை

எங்கள் மாமிக்கு மாப்பிள்ளை ஒட்டன்சத்திரத்திலிருந்து வெங்காய மூட்டையில் வந்தார்.

மாமி என்றால் என் அத்தாவின் தங்கை நஜீமா; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கொடைக்கானல் மார்க்கெட் ரோட்டில் அத்தா முத்து முகம்மது வெங்காயக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் குடோன். கீழேயிருந்து வண்டியில் வரும் சின்ன வெங்காயத்தைத் தரையில் கொட்டி, அழுகலைத் தனியே பொறுக்கிப் போடுவது மாமியின் சோலி. ஒரு நாள் காலையில் அப்படிக் கொட்டும்போது வெங்காயத்தோடு ஒரு கறுப்பு வண்டும் உருண்டு விழுந்தது. கட்டைவிரல் நீளம் இருக்கும். முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள். அது ஓடி ஒளியவில்லை. முன்கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்று மாமியையே பார்த்தது.

"ஏ மிஸ்பா, இங்க வந்து பாரு," என்று என்னைக் கூப்பிட்டார் மாமி. "கறுப்பு ஷெர்வானியில வெள்ளைப் பொத்தான் வச்சுத் தைச்ச மாதிரி இல்ல? நிக்காஹ்வுக்குப் பொறப்பட்ட மாப்பிள்ளையேதான்."

சொல்லிக்கொண்டே கையில் எடுத்தார். அது விரலில் எதையோ பீச்சியது. "அம்மாடி!" என்று உதறிவிட்டு விரலைத் தண்ணீரில் முக்கினார். புளித்த காடி போல ஒரு வாடை. எரிச்சல் அன்றைக்கே அடங்கிவிட்டது. ஆனால் கட்டைவிரலில் ஒரு செம்பழுப்புக் கறை, மருதாணி வைத்துக் கழுவியது போல, பல நாள் நின்றது. அதற்குப் பிறகு எப்போதும் ஒரு பழைய கரண்டியால்தான் எடுப்பார். பெயர் மட்டும் மாறவில்லை. மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான்.

மாமிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அழகில்லை, படிப்பில்லை என்பதெல்லாம் காரணம் இல்லை. மாமிக்கு மலை இறங்க ஆகாது. வண்டி பெருமாள்மலை தாண்டுவதற்குள் குடலே வாய்க்கு வந்துவிடும். இளவயதில் ஒருமுறை பழனியில் பெண் பார்க்க ஏற்பாடு செய்து கீழே கூட்டிப்போனார்கள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, போய்ச் சேரும்போது வெந்த கீரை மாதிரி இருந்தாராம். மாப்பிள்ளை வீட்டார் சர்பத்தைக் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் அனுப்பிவிட்டார்கள். மாமி வீட்டுக்கு வந்ததும் சொன்னாராம்: "இனிமே நான் எறங்க மாட்டேன். மேல ஏறி வந்து இருக்கச் சம்மதிக்கிற ஆளா இருந்தா சொல்லுங்க." அப்படி ஒருவரும் வரவில்லை. மாமி அதன் பிறகு கீழே போகவே இல்லை.

அதனால்தான் எங்கள் கடைத்தெருவில் இந்த வண்டைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. சாக்லேட் கடை வாசிம் விரிசல் விட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார், சீர்வரிசை என்று. வெங்காய மூட்டைகளை உதறும்போது விழும் செம்மண்ணைக் கூட்டி, சலித்து, அந்தப் பெட்டிக்குள் மெத்தை மாதிரி போட்டார் மாமி. "அவரு ஊரு மண்ணு," என்றார். மேலே ஒரு உடைந்த ஓட்டுத்துண்டு. மாப்பிள்ளை அதற்கடியில் குழி தோண்டிக் குடியேறினார்.

நான் போனில் தேடிப் பார்த்தேன். தரையில் ஓடி வேட்டையாடும் வண்டு வகை, சூடான வறண்ட நிலத்தில் வாழ்வது, இறக்கை விரித்துப் பறக்க முடியாதது என்று போட்டிருந்தது. மாமி கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"பறக்க ஏலாதா? அப்ப திரும்பிப் போக வழி தெரியாமத்தான் இங்க உக்காந்திருக்காரு."

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பக்கத்து மலைக்கிராமமான வில்பட்டியிலிருந்து வெள்ளனே பஸ்ஸில் முட்டைக்கோசு கொண்டுவரும் சிவபாக்கியம் அக்கா, இலைகளில் இருக்கும் பச்சைப் புழுக்களை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வருவார். மழை நாளில் நத்தையும் வரும். புழுவை மண்ணில் விட்டுவிட்டு மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். ஓட்டுக்கடியில் முதலில் இரண்டு உணர்கொம்புகள் அசையும். பிறகு ஒரே ஓட்டம். கத்தரி மாதிரி வாயால் கவ்வி, உடலைத் தூக்கிப் பிடித்து மெல்லுவதை முதலில் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமி முகம் சுளிக்கவே இல்லை. ஈரப் பஞ்சில் தண்ணீர் வைப்பார். பக்ரீத் அன்று கொத்துக்கறி கூட ஒரு சிட்டிகை வைத்தார். காலி செய்துவிட்டு வாயை முன்காலால் துடைத்துக்கொண்டது.

"அக்கா, இன்னிக்கு மாப்பிள்ளைக்கு என்ன விருந்து?" என்பார் வாசிம், ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து.

"முட்டைக்கோசுப் புழு. ஒனக்கும் ரெண்டு எடுத்து வைக்கவா?"

"நமக்கு எதுக்குக்கா? ஒங்க வீட்டு மாப்பிள்ளைக்கே பத்தாது."

என் அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஊரே சிரிக்குது நஜீமா," என்பார்.

"சிரிக்கட்டும் மதினி. இதுக்கு முன்னாடி பாவம்னுல்ல பாத்தாங்க. சிரிப்பு எவ்வளவோ தேவல."

மத்தியானம் மூன்று மணி போல மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிடும். எதிர்க்கடையின் விளக்கு மட்டும் மஞ்சளாக மிதக்கும். டூரிஸ்டுகள் ரூமுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் மாமி ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்காருவார். மாப்பிள்ளை செம்மண்ணில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருக்கும். குடோனுக்குள்ளும் மஞ்சு நுழைந்துவிடும். வெங்காய வாடையும் ஈர வாடையும் கலந்து, எல்லாம் தூரமாகத் தெரியும். பெட்டிக்குள் மட்டும் சிவப்பாக ஒரு சின்ன ஊர், அதில் ஒரே ஒருவர் நடப்பது போல இருக்கும்.

"அங்க வெயிலு எப்படி இருக்கும்?" என்று மாமி கேட்பார். என்னிடமா அதனிடமா என்று தெரியாது. பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நானும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்ததும் குளிர் ஏறியது. புழு பக்கத்தில் ஊர்ந்து போனாலும் மாப்பிள்ளை அசையவில்லை. மாமி பெட்டியைக் கம்பளியால் சுற்றினார். வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தார். மார்கழி உறைபனி விழுந்தால் பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாமிக்குச் சோறு இறங்கவில்லை.

சிவபாக்கியம் அக்காதான் வழி சொன்னார். "எங்க வீட்டு அடுப்புக்கு மேல பரண் இருக்கு. பூண்டு கெடக்கு. ராப்பகலா சூடு கொறையாது. இந்தக் குளிருக்குப் பூண்டே அங்கதான் பதமா இருக்குது, வண்டுக்கு என்ன?"

எங்களுக்கெல்லாம் அது சரியாகவே பட்டது. மாமியே பஸ்ஸில் வில்பட்டிக்குப் போய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு வந்தார். மூடியில் காற்றுக்காகப் போட்ட ஓட்டைகளைக்கூட இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி வைத்தார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் சிவபாக்கியம் அக்கா ஓடிவந்தார். கையில் முட்டைக்கோசு இல்லை, பெட்டிதான் இருந்தது. மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தது. கால்கள் மடங்கியிருந்தன.

"சூடாத்தான் இருந்துச்சு," என்று அழுதார் அக்கா. "பொகையை நெனைக்கவே இல்லையே நஜீமா!"

மலைப்பூண்டைப் பரணில் தொங்கவிட்டு அடுப்புப் புகை காட்டுவது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எதற்கு? பூச்சி அண்டாமல் இருக்கத்தான். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்தப் புகையிலேயே பிறந்து வளர்ந்ததால், அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

மாமி அக்காவைத் திட்டவில்லை. மாப்பிள்ளையைக் கரண்டியால் எடுத்து, ஈரத்துணியில் வைத்து, வாசலில் காற்றுப்படும் இடத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து ஒரு கால் விரிந்தது. பிறகு இன்னொன்று.

அந்த நேரத்தில் சேனாதிபதி அண்ணன் வெங்காயத்தை இறக்கிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுவா? எங்க காட்டுப் பக்கம் எத்தனையோ திரியும். மூஞ்சிக்கு நேரா மட்டும் பிடிச்சிராதீங்க, கண்ணுல பீச்சிரும். குடுங்கக்கா, போற வழியில எறக்கி விட்டுர்றேன்."

"எங்க விடுவீங்க?"

"எங்கயாச்சும். டீக்கடையில நிப்பாட்டுவேன்ல, அங்கன ரோட்டோரமா."

மாமி உள்ளே போய் ஸ்வெட்டர் மாட்டி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கத்தை பாலிதீன் பையும் எடுத்துவந்தார். வாயகன்ற ஊறுகாய் பாட்டிலில் செம்மண் போட்டு மாப்பிள்ளையை அதற்குள் விட்டார்.

"நஜீமா, நீ எங்க கெளம்புற?" என்றார் அத்தா.

"அவர எறக்கி விட்டுட்டு வர்றேண்ணே."

அம்மாதான் என் முதுகில் தட்டி, "வெரசா ஏறு, தனியாப் போகப்போறா," என்று தள்ளிவிட்டார்.

பெருமாள்மலை வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. பழனி ரோட்டில் திரும்பியதும் இன்னும் மோசம். மாமி ஒரு கையால் பையைப் பிடித்து வாந்தி எடுத்தார், மறுகையால் பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா, திரும்பிருவமா?" என்றார் சேனாதிபதி அண்ணன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலே.

மஞ்சு பின்னால் போனது. மரங்கள் குட்டையாகின. காற்றில் ஈரம் குறைந்து ஏதோ காய்ந்த புல்லின் வாடை வந்தது. திடீரென்று மாமி தலையை நிமிர்த்தினார்.

"கேக்குதா?"

கண்ணாடியில் நகம் கீறுவது போலச் சத்தம். மாப்பிள்ளை எழுந்து பாட்டிலின் சுவரில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்க இறங்க அந்தக் கீறல் வேகமானது. மாமி பாட்டிலைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். சில வளைவுகள் அவருக்குத் தெரியாமலேயே போயின. கடைசி வளைவில் மறுபடியும் வாந்தி எடுத்தார். ஆனால் வாயைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

ஒட்டன்சத்திரம் போகும் வழியில் ஒரு வெங்காயக் காட்டோரம் வண்டி நின்றது. வெயில் வெள்ளையாக அடித்தது. மாமி ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். செருப்பையும் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். தள்ளாட்டம் இன்னும் இருந்தது. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். குடோனில் கூட்டிச் சலித்த அதே மண், இங்கே சுடச்சுட, கண்ணுக்கு எட்டிய வரை.

பாட்டிலைச் சாய்த்தார். மாப்பிள்ளை வெளியே வந்து நின்றது. அசையவில்லை. புகை உள்ளே எதையாவது கெடுத்திருக்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மாமியின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன.

வரப்பின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது.

உணர்கொம்புகள் அசைந்தன. பிறகு அந்தப் பழைய ஓட்டம். வெட்டுக்கிளி துள்ளுவதற்குள் கவ்விவிட்டது. உடலைத் தூக்கிப் பிடித்து மெல்லத் தொடங்கியது. வெயிலில் ஆறு புள்ளிகளும் பளிச்சென்று தெரிந்தன. மாமி வரப்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரோட்டிலிருந்து ஹாரன் அடித்தது. "அக்கா, போலாமா? மண்டிக்கு நேரமாச்சு!"

மாமி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"சித்த பொறுங்க. அவரு சாப்பிட்டு முடிக்கட்டும்."