அப்பாவுக்கு என்ன சம்பளம்?

போன வாரம் என் வகுப்பில் லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழில், போர்டிலேயே நஷ்டத்துக்குப் போனது. போக வைத்தவள் நான்தான்.

ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. இறுதியாண்டுக்கு பிசினஸ் மாடல் நடத்துகிறேன் — இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். யாருக்கு விற்கிறோம்? எதை விற்கிறோம்? செலவு எங்கே, வரவு எங்கே? இதற்கெல்லாம் பதில் இருந்தால் அது மாடல். இல்லையென்றால் வெறும் ஆசை.

ஆளுக்கொரு மாடல் போட்டு வரச் சொல்லியிருந்தேன். மாணவி சௌமியாவுக்கு இது வெறும் அசைன்மென்ட் இல்லை. அவள் அப்பாவிடம் ஒரு மினி வேன் இருக்கிறது. வாடகை சரியாக வரவில்லை, விற்றுவிடலாம் என்று ஆளும் பார்த்துவிட்டார். "நான் ஒரு வழி சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் வித்துக்குங்க" என்று வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கியிருந்தாள்.

அவள் திட்டம் இதுதான். கோழிப்பண்ணைகளில் லேசாகக் கீறல் விழுந்த முட்டைகள் தினமும் ஒதுங்கும். கடைக்கு ஆகாது, பேக்கரிக்கு ஆகும். காலையில் பண்ணைகளில் எடுத்து, சேலத்து பேக்கரிகளில் இறக்க வேண்டியது. போர்டில் லாபம் ஜம்மென்று நின்றது.

"டிரைவர் செலவு எங்கே?" என்றேன்.

"அப்பாதாங்க மிஸ் ஓட்டுவாங்க."

"முட்டையைப் பார்த்து அடுக்குறது?"

"அம்மாங்க."

"அவங்க சம்பளம்?"

வகுப்பே சிரித்தது. "ஏனுங்க மிஸ், பெத்தவங்களுக்கு யாராச்சும் சம்பளம் போடுவாங்களா?" என்றான் கடைசி பெஞ்ச் பிரபு.

நான் சிரிக்கவில்லை. தறிப்பட்டறையோ கடையோ பண்ணையோ... நம் பக்கத்தில் வீட்டு ஆளின் உழைப்பு செலவில் ஏறுவதே இல்லை. எங்கள் வீட்டு விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தது அம்மாதான். கூலி ஆள் செலவு கணக்கில் இருந்தது, அம்மா இல்லை. அந்த வீட்டிலிருந்து முதல் டிகிரி வாங்கியவள் என்ற உரிமையில் அடித்துச் சொல்கிறேன் — இனாமாக உழைக்க இரண்டு பேர் இருந்தால் எந்த மாடலும் லாபத்தில்தான் ஓடும். அவர்கள் முடியாமல் படுக்கும் வரை!

இரண்டு சம்பளத்தையும் எழுதச் சொன்னேன். எழுதினாள். லாபம் காணாமல் போனது. அவள் முகத்தில் இருந்த வெளிச்சமும்.

"வண்டி போயிருமுங்க மிஸ்."

"சம்பளத்தை மட்டும் அழிக்காதே. மற்றது எதை வேண்டுமானாலும் மாற்று."

மறுநாள் முழுக்க அவளும் பிரபுவும் போர்டு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். கடைசியில் அவன் கேட்டான்: "வாரப்ப வண்டி காலியாத்தான வருது? எங்க மாமன் லாரி ரிட்டன் லோடு இல்லாம ஊருக்கே திரும்பாது புள்ள."

அவள் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டாள். முட்டை இறக்கும் அதே பேக்கரியில் பன்னும் ரொட்டியும் ஏற்றினால்? வரும் வழியெல்லாம் டீக்கடைகள்தானே! ஒரே டீசல், இரண்டு வியாபாரம். சம்பளம் போகவும் லாபம் மிஞ்சியது. சம்பளத்தை எழுதாமல் விட்டிருந்தால், காலி வண்டியை யார் கவனித்திருப்பார்கள்?

வெள்ளிக்கிழமை சௌமியாவின் அப்பா வகுப்புக்கு வந்தார். கைகட்டி உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"ஏஞ் சாமி, எம்பேருக்கு நேரா என்னமோ போட்டிருக்கியே?"

"உங்க சம்பளமுங்கப்பா. கீழ இருக்கறது அம்மாவுது."

"அட, ஊட்டு வண்டிய ஓட்டறதுக்கு என்னத்துக்குச் சாமி சம்பளம்?"

"வேண்டாம்னா சொல்லிருங்க. வேற டிரைவர் போட்டுக்கறேன்."

மனுஷன் எழுந்து வராந்தாவுக்குப் போய், வேனை வாங்க இருந்தவருக்கு போன் போட்டார். "இப்பத்திக்குக் குடுக்கறாப்ல இல்லீங்க. வண்டிக்கு வேலை வந்திருச்சு."

திரும்பி வந்தவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர்... சம்பளம்னா ஞாயித்துக்கிழமை லீவும் உண்டுங்களா?"

"அதை உங்க முதலாளியம்மாவைத்தான் கேக்கணும்" என்றேன்.