பெயர் கேட்காமல் வாங்கிய ஒரு பொன்னாடை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கியவர்கள் அட்டையில் உள்ள படத்தைக் கும்பிட்டுவிட்டு மடித்து வைத்துவிட வேண்டாம். தங்கை எழுதியதையும் படியுங்கள். எனக்கு மேடைத் தமிழ் வராது. துபாய் அல் குசைஸில் ஒரு ஃப்ளாட்டில் பேச்சிலர் ஆட்களுக்கு மெஸ் நடத்துகிறவள் நான். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிவகங்கைப் பக்கம், மழை பெய்தால் மட்டும் விளைகிற ஒரு ஊரில். அவர் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா லாரி மோதி இறந்தார். பரீட்சை எழுதிய கையோடு அண்ணன் செங்கல் சூளைக்குப் போனார். பிறகு சவுதியில் அல் கோபாருக்கு வெல்டர் ஹெல்பராகப் போனார். என் கல்யாணம் அவர் சம்பாத்தியத்தில்தான் நடந்தது. ஆனால் கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, லீவு தராததால் அவர் அதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தை வீடியோ கேசட்டில்தான் பார்த்தார்.

திரும்பி வந்து வெல்டிங் பட்டறை போட்டார். ஊராட்சித் தலைவர் ஆனார். பிறகு ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ. ஆனார். குறையே இல்லாத எம்.எல்.ஏ. என்று நான் சொல்ல மாட்டேன். தாசில்தாரைக் கூட்டத்தின் நடுவில் வைத்து ஒருமையில் பேசினார், அது தப்பு. பஸ் நிலையக் கடைகளில் ஒன்று அண்ணியின் தம்பிக்குப் போனது, அதற்குக் கெட்ட பெயர் வந்தது, வந்தது நியாயம்தான். ஆனால் வளைகுடாவில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர அவர் அலைந்த அலைச்சலைத் தொகுதியில் எல்லாக் கட்சிக்காரரும் அறிவார்கள். அல் கோபாரில் கூட இருந்த ஆள் இறந்து வாரக்கணக்கில் சவக்கிடங்கில் கிடந்ததைப் பார்த்தவர் அவர்.

இனி அந்தப் போட்டோ விஷயம். அதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசினீர்கள். நடந்தது இதுதான்.

எம்.எல்.ஏ. ஆன அடுத்த வருடம் துபாயில் இருக்கிற ஊர்ச் சங்கத்தார் அவரை அழைத்துப் பாராட்டு விழா நடத்தினார்கள். இங்கே விழா என்றால் எப்படி என்று வந்தவர்களுக்குத் தெரியும். மைக்கில் பெயரை வாசிப்பார்கள். ஒருவர் மேடை ஏறுவார், பொன்னாடையைத் தோளில் போடுவார், இரண்டு பேரும் கேமராவைப் பார்ப்பார்கள், பளிச் என்று வெளிச்சம் அடிக்கும், அடுத்தவர் வருவார். போடுகிறவர் யார், என்ன தொழில் செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அண்ணனும் கேட்கவில்லை. சிரித்தபடியே நின்றார். எல்லாப் பொன்னாடைகளையும் பெரிய பைகளில் கட்டி என் வீட்டில் போட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த வரிசையில் நம் ஊர் விசா ஏஜெண்ட் ஒருவரும் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் அந்த ஆள் ஒரு தடவை நின்றதே போதும். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பஸ் நிலையம் எதிரே இருக்கிற தன் ஆபீஸில் மாட்டினார். "நம்ம எம்.எல்.ஏ.தான், பாத்துக்கங்க" என்று சொன்னால் போதும், வந்தவர்கள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். அண்ணனை நம்பித்தான் கொடுத்தார்கள்.

ஷார்ஜாவில் இறங்கியபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, வந்தது விசிட் விசாவில், வேலையும் இல்லை, கம்பெனியும் இல்லை. பாஸ்போர்ட்டுகள் ஏஜெண்டின் கூட்டாளியிடம். விசா முடிந்து மாதங்கள் ஓடின. ஒரு ஜனவரியில் கருப்பையா என்ற தம்பி என் கதவைத் தட்டினார். பின்னால் மாடிப்படி நெடுக ஆட்கள்.

"எம்.எல்.ஏ. தங்கச்சி வீடு இதானேக்கா?"

"ஆமா. சாப்பிட வந்தீங்களா?"

"சாப்பாடு அப்புறம்க்கா. ஏஜெண்ட் உங்க அண்ணன் ஆளுன்னு நம்பித்தான் வந்தோம். உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, நாங்க சாகிறதா இருக்கிறதான்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணனை போனில் வாய்க்கு வந்தபடி பேசினேன். நான் முடித்ததும், போட்டோ எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த விமானத்தில் வந்துவிட்டார். வரவேற்க யாரும் வரவில்லை. பொன்னாடை போட்ட சங்கத்தார் பலர் போனையே எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்.

என் ஹாலில் ஆட்களோடு ஆட்களாக அண்ணனும் படுத்தார். குளிர் நேரம். போர்வை பத்தவில்லை. பைகளைப் பிரித்துப் பொன்னாடைகளை எடுத்துக் கொடுத்தேன்.

"சரிகை குத்துதுக்கா" என்றார் கருப்பையா.

"எனக்கும் இப்பத்தாம்ப்பா குத்துது" என்றார் அண்ணன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் ஊரில் இவர்களுடைய குடும்பங்கள் போலீஸில் புகார் கொடுத்திருந்தன. ஏஜெண்ட், 'எம்.எல்.ஏ.வை எனக்குத் தெரியாது, போட்டோவும் நான் மாட்டவில்லை, இவர்கள் சொல்வது பொய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரிகைகள் அண்ணனைக் கேட்டன. அப்போது மாவட்டத்திலிருந்து ஒரு கட்சிப் பிரமுகர் என் வீட்டுக்கு போன் செய்தார். ஆட்களும் கேட்கட்டும் என்று அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, போட்டோ ஒட்டு வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. விஷயம் முடிஞ்சுது. அடுத்த தடவையும் சீட்டு உங்களுக்குத்தான்."

"ஒட்டு வேலையில்லப்பா. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், பாக்கலையா நீ?"

"உண்மை எதுக்குண்ணே இப்ப?"

"நான் ஒட்டுன்னு சொன்னா, இங்க படுத்திருக்கிறவனெல்லாம் பொய்யன் ஆயிருவான். புகார் அதோட செத்துச்சு. பாஸ்போர்ட்டை எவன் குடுப்பான்?"

"சீட்டு போயிரும்ணே."

"போகட்டும். போனை வையி."

அன்றே ஒரு நிருபரைக் கூப்பிட்டு, படம் உண்மை என்றும், பொன்னாடை போட்டவர் யார் என்று கேட்காமல் வாங்கியது தன் தப்பு என்றும், அந்தப் படம் ஏஜெண்ட் ஆபீஸில் மாட்டியிருந்ததைத் தானே பார்த்ததாகவும் சொன்னார். அடுத்த நாள் பேப்பரில், ஏஜெண்டுடன் தொடர்பை எம்.எல்.ஏ. ஒப்புக்கொண்டார் என்று போட்டார்கள். அதைக் காட்டி நம் சொந்தக்காரர்களே அண்ணியிடம் துக்கம் விசாரித்தார்கள்.

ஆனால் புகார் சாகவில்லை. ஏஜெண்டைக் கைது செய்தார்கள். அதன் பிறகு பாஸ்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு வந்தன. அந்தச் சமயம் இங்கே விசா முடிந்தும் தங்கியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்திருந்ததால் அபராதம் இல்லாமல் போக வழி கிடைத்தது. கடைசி ஆள் விமானம் ஏறும்வரை அண்ணன் என் ஹாலை விட்டுப் போகவில்லை. சட்டசபைக் கூட்டத்துக்கும் போகவில்லை, அதற்கும் திட்டினார்கள்.

சீட்டு கிடைக்கவில்லை. பழையபடி பட்டறைக்குப் போனார். அதற்குப் பிறகு யார் பொன்னாடையோடு வந்தாலும், "நீ யாருப்பா, என்ன தொழில் பண்ற?" என்று கேட்காமல் தோளைக் கொடுத்ததில்லை. அண்ணி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவையே கேட்டுவிட்டார். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

சிறுநீரகம் கெட்டு, கடைசி மாதங்கள் மதுரைக்கும் வீட்டுக்குமாகப் போயின. நான் வந்து சேர்ந்தபோது நினைவு இருந்தது. "மெஸ்ஸை யார் பாக்குறா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவரைக் கிடத்தியிருந்தபோது கோடித் துணியும் மாலையுமாகக் கூட்டம் வந்தது. போன் எடுக்காதவர்களும் வந்தார்கள். யாரோ போட்டோகிராபரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவரை வெளியே அனுப்பிவிட்டு நான் அண்ணன் தலைமாட்டில் நின்றேன். வந்த ஒவ்வொருவரையும், "நீங்க யாரு, என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகச் சிலர் பேசிக்கொண்டீர்கள். என் காதில் விழுந்தது.

கருப்பையாவை நான்தான் முதலில் அடையாளம் காணவில்லை. "நான் கருப்பையாக்கா. இப்ப லோடு ஆட்டோ ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வேட்டியை விரித்துப் போர்த்தினார்.

ஜாமீனில் வெளியே இருந்த ஏஜெண்டும் பெரிய மாலையோடு வந்தார்.

"நீங்க யாரு, என்ன தொழில் பண்றீங்க?"

"என்னத்தா, என்னையத் தெரியாதா?"

"தெரியும். அன்னைக்கு எங்கண்ணன் கேக்கலை. அதான் நான் கேக்குறேன். சொல்லிட்டுப் போடுங்க."

அவர் மாலையோடு திரும்பிப் போனார்.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், கடைசிவரை சம்பளம் கேட்காமல் கார் ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், நான் ஊரில் இருந்த நாட்களில் என் மெஸ்ஸை நடத்திய பக்கத்து ஃப்ளாட் மலையாளி அக்காவுக்கும், தன் பெயரையும் தொழிலையும் சொல்லிவிட்டு அண்ணன்மேல் துணி போர்த்திய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கை,
அல் குசைஸில் மெஸ் நடத்துகிறேன்.