இரண்டாவது தடவை கூப்பிடுகிற பேர்

வேலுச்சாமி, அயர்ன். இருதயராஜ், கட்டிங். மாரியப்பன், சாயப்பட்டறை. பாண்டியம்மாள், பேக்கிங். ஜெயக்கொடி, டெய்லர். செல்வி, செக்கிங். அப்புறம் நான், ஓவர்லாக் மிஷின். எல்லாம் பனியன் கம்பெனி வேலை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் அருள்புரத்தில் என் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த வகுப்பில் இத்தனை பேர் இப்போது ஊரில்கூட இல்லை. எங்களைப் பார்க்க எங்கள் வகுப்பு வாத்தியார் அந்தோணி சார் வந்திருந்தார்.

சார் இதே திருப்பூரில், ராயபுரத்தில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். சாருக்குக் கண் மங்கிவிட்டது. ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் யார் என்று சொல்கிறார். நான் டீ கொடுத்தேன். "எடுத்துக்கங்க சார், சூடா இருக்குதுங்க" என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீங்கதான் வீட்டுக்காரம்மாவா? எங்க பிள்ளைகளுக்கு இடம் குடுத்திருக்கீக. நல்லா இருக்கணும் தாயி" என்றார். வேலுச்சாமி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மற்றவர்கள் லைன் வீட்டில் ஊர்க்காரர்களோடு இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு அப்படியே இருக்கிறது. நான் இந்தக் கொங்குப் பக்கத்து, குண்டடத்துக்காரரைக் கட்டினேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாமியாரிடம் "சாப்பிட்டியா அத்தை" என்று கேட்டேன். எங்கள் ஊரில் பெற்ற தாயை நீ என்றுதான் சொல்வோம். பிரியம் இருந்தால் அப்படித்தான். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "ஏங்கண்ணு, வா போன்னு மாட்டையா கூப்படற?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ங்க போட்டேன். முதலில் யோசித்துப் போட்டேன். பிறகு யோசிக்காமலே வந்தது. இப்போது ஊருக்குப் போனால் டீக்கடைக்காரர் "கோயம்புத்தூராக்கா?" என்று கேட்கிறார். இங்கே இன்னும் தெக்கத்திக்காரி என்றுதான் பேர்.

சார் நடத்திய பாடம் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பேர் கூப்பிட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது. வந்தவர் பேரை ஒரு தடவை கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா" என்றால் முடிந்தது. வராதவர் பேரை இரண்டாவது தடவை கூப்பிடுவார், சன்னல் பக்கம் திரும்பி, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி. அப்புறம் எங்களிடம் கேட்பார், எங்கே என்று. தெரிந்தவர் சொல்ல வேண்டும். "தீப்பெட்டி ஆபீஸ், ஐயா." "ஆடு மேய்க்கப் போயிட்டான், ஐயா." படிப்பை விட்டுப் போனவர் பேரையும் விடமாட்டார். வருஷம் முடிகிறவரை தினமும் இரண்டு தடவை கூப்பிடுவார்.

அரைப் பரீட்சை லீவில் என்னைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷக் கடைசியில் செல்வியும் வந்தாள். வந்த அன்றைக்கே சொன்னாள். "உம் பேர தினம் கூப்பிட்டாரு பிள்ள. நாந்தான் சொல்லுவேன், திருப்பூர், ஐயான்னு." அதற்குப் பிறகு ரொம்ப நாள், காலையில் மிஷின் ஓடத் தொடங்கும்போது, இப்போது என் பேர் வரும் என்று நினைப்பேன். உள்ளேன் ஐயா என்பேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து மிஷினுக்குக்கூடக் கேட்காது. எங்கள் வகுப்பு முடிந்து போயிருந்தது. அது தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

டீ குடித்து முடித்ததும் ஜெயக்கொடி, "சார், ஒரு தடவ பேர் கூப்புடுங்க சார்" என்றான்.

"எல்லாரும் கழுத வயசாயிட்டீக. இனி என்னடா பேரு" என்றார். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அடுப்படி வாசலில் நான் நின்றேன். இருபது வருஷம் கழித்து என் முறை வரப்போகிறது.

திருப்பூருக்கு வந்துவிட்டவர்கள் பேரை மட்டும் பழைய வரிசை மாறாமல் கூப்பிட்டார். ஒவ்வொருவராக உள்ளேன் ஐயா என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விரலை மடக்கினார்.

"சண்முகக்கனி."

"சொல்லுங்க சார்" என்றேன். கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டால் சொல்வது. அதுதான் வந்தது.

சார் என் பக்கம் கையை ஆட்டினார். "உங்கள இல்ல தாயி. பிள்ளைக பேரக் கூப்புடுதேன்" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். தெருவுக்குக் கேட்கிற மாதிரி என் பேரைக் கூப்பிட்டார்.

என் பேருக்கு அந்த இரண்டாவது கூப்பாட்டை அதுவரை நான் கேட்டதில்லை. என் பேரை அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் நான் அங்கே இல்லை. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். தெருவில் போன பனியன் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எங்க அவ?" என்று சார் கேட்டார்.

செல்வி என்னைக் காட்டக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வந்துவிட்டேன் என்று தெரிந்தால் என் பேரும் ஒரு தடவையோடு முடிகிற பேராகிவிடும். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"திருப்பூர், ஐயா."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "நானே திருப்பூர்லதான இருக்கேன். பாத்தா சொல்லுங்க, கேட்டேன்னு" என்றார். செல்வி பேரையும் கூப்பிட்டு முடித்தார். ஒரு கை முழுக்க மடங்கியிருந்தது. அடுத்த கையில் பெருவிரலை மடக்கினார்.

ஆறு.